வாசகர் கேள்வி: வீடு ஒழுகுவதும் ஒழுக்கமும் ஒரே சொல்லா?

கேள்வி: ஐயா, ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு நான் ஊக்குநர். குழுவின் விதிகளை எழுதி நோட்டில் ஒட்டி வைக்கலாம் என்று உட்கார்ந்தபோது, ‘ஒழுக்கம் இல்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது’ என்று ஒரு விதி கட்டாயம் வேண்டும் என மூத்தவர்கள் இருவர் பிடிவாதமாக நின்றார்கள். யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கணவரை இழந்த இளம்பெண் ஒருவர், சேலத்தில் துணிக்கடை வேலையை முடித்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் மலையேறி வருகிறார். அவர் மேல் வேறு எந்தக் குறையும் இல்லை. முன்பு வேறொரு குழுவில் இருந்தபோது ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இதற்கிடையில், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், மழை பெய்த இரவில் சொட்டுகிற இடத்தில் குண்டாவை வைத்துக்கொண்டே ‘ஒழுக்கம் விழுப்பம் தரலான்’ குறளை மனப்பாடம் செய்தவள், ‘ஏம்மா, வீடு ஒழுகறதும் ஒழுக்கமும் ஒண்ணா?’ என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? அதை விதியில் எழுதலாமா?

பதில்: அன்புடையீர், வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று மகளுடையது, மற்றது உங்களுடையது. உங்கள் கேள்விதான் அவசரமானது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதற்குரிய விடை மகளின் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆம், இரண்டும் ஒரே சொல்தான். ஓட்டின் இடுக்கு வழியே நீர் இறங்கும்போது ‘வீடு ஒழுகுகிறது’ என்கிறோமே, அந்த ‘ஒழுகு’ என்னும் வினையிலிருந்துதான் ‘ஒழுக்கம்’ பிறந்தது. பழகு என்பது பழக்கம் ஆவதையும் முழங்கு என்பது முழக்கம் ஆவதையும் எடுத்துக்காட்டினால் உங்கள் மகளுக்கு உடனே விளங்கிவிடும். ஆனால் ‘ஒழுகு’ என்பதன் அடிப்படைப் பொருள் சொட்டுவது அன்று. ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு இடைவிடாமல் செல்வதே அதன் பொருள். கூரையில் ஒரு துளி விழுந்தால் அதை யாரும் ஒழுகல் என்று சொல்வதில்லை. அதே இடத்தில், அதே வழியாக, துளிக்குப் பின் துளியாக வந்துகொண்டே இருந்தால்தான் ‘ஒழுகுகிறது’ என்று குண்டாவைத் தேடுகிறோம்.

இந்தப் பொருள் பல இடங்களில் இன்னும் அப்படியே நிற்கிறது. மலையாளத்தில் ‘ஒழுக்கு’ என்றால் ஆற்றின் நீரோட்டம். சங்கப் பாடல்களில் உப்பு வணிகரான உமணர்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வரிசைக்கு ‘ஒழுகை’ என்று பெயர். திருவரங்கம் கோயிலின் நடைமுறைகளையும் வரலாற்றையும் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த நூலின் பெயர் ‘கோயிலொழுகு’. நாம் அன்றாடம் சொல்லும் ‘ஒழுங்கு’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நீர், வண்டி, பதிவேடு, வரிசை என்று பொருள்கள் வேறுபட்டாலும், விட்டுவிடாமல் தொடர்ந்து செல்வது என்னும் கருத்து எல்லாவற்றிலும் இருப்பதைக் காணலாம்.

தொல்காப்பியம் இதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. உரியியலில் ‘வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள’ என்று ஒரு நூற்பா வருகிறது. அதாவது, ஒழுகல் என்ற சொல்லுக்கு நேராக இருத்தல், நீண்டு இருத்தல் என்னும் இரு பொருள்களும் உண்டு. இந்த நூற்பாவை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், சேலத்தில் நெசவாளர்கள் வாழும் அம்மாபேட்டை, குகைப் பகுதிகளிலிருந்து வந்த மாணவர்களிடம் அவர்கள் வீட்டுத் தெருவை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். விடியற்காலையில் தெரு நெடுக நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வோர் இழையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிக்காமல், தொய்யாமல், நேராகப் போயாக வேண்டும். அந்த நேர்மையும் அந்த நீளமும் சேர்ந்ததுதான் ஒழுகல். மனிதர் நடக்கும் முறைக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த முன்னோர், ஒருவர் ஒருநாள் செய்த ஒரு செயலை எண்ணியிருக்க முடியாது. நெடுங்காலம் தொடர்ந்து வரும் போக்கைத்தான் எண்ணியிருக்கிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் குழுவில் எழுந்திருக்கும் சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

இனி, ஒழுக்கம் என்றாலே நல்லொழுக்கம்தானா என்ற கேள்வி வரும். தொடக்கத்தில் அப்படி இல்லை. திருக்குறளின் ‘ஒழுக்கமுடைமை’ அதிகாரத்திலேயே, ‘நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம் தீயொழுக்கம் என்றும் இடும்பை தரும்’ என்ற குறள் இருக்கிறது. ஒழுக்கம் நல்லதாகவும் இருக்கலாம், தீயதாகவும் இருக்கலாம் என்றால்தான் இப்படி அடைமொழி கொடுத்துப் பிரிக்க வேண்டியிருக்கும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு, மேலே தெளிந்த நீராகவும் கீழே நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டும் செல்கிறது. இரண்டு நிலையிலும் அது ஒழுக்குத்தான். அக இலக்கணத்திலும் அப்படியே. திணை என்பதற்கு ஒழுக்கம் என்றே உரையாசிரியர்கள் பொருள் கூறினார்கள். திருமணத்துக்கு முன் தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாமல் சந்தித்துக் காதல் கொள்வதைக் ‘களவொழுக்கம்’ என்றே வழங்கினார்கள். இன்று அதே செயலைச் சிலர் ஒழுக்கக்கேடு என்பார்கள். அன்று இலக்கணம் வகுத்தவர்கள் அதற்கு ஒழுக்கம் என்று பெயரிட்டு, அதற்குரிய துறைகளையும் முறைகளையும் வகுத்தார்கள்.

அதே வேளையில், அடைமொழி இல்லாத வெறும் ‘ஒழுக்கம்’ நல்லொழுக்கத்தையே குறிக்கும் வழக்கும் குறள் காலத்திலேயே வந்துவிட்டது. உங்கள் மகள் மனப்பாடம் செய்த ‘ஒழுக்கம் விழுப்பம் தரலான் ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்’ என்ற குறளே அதற்குச் சான்று. ஒரு பொதுச்சொல் காலப்போக்கில் மேலான பொருளை மட்டும் பெற்றுவிடுவதை உயர்பொருட்பேறு என்பார்கள். இதற்கு நேர் எதிராக, முன்பு நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று கெட்ட வாடையை மட்டுமே குறிக்கிறது.

உயர்ந்த சொல்லுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அது யார் கையில் இருக்கிறதோ அவர் அதைக் கொண்டு வேலி கட்டத் தொடங்கிவிடுவார். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில், அந்தணர் முதலிய வருணத்தார் தத்தமக்கு விதிக்கப்பட்ட நிலைகளில் நின்று வழுவாமல் நடப்பதே ஒழுக்கம் என்று வரையறுக்கிறார். அவருடைய உரைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த வரையறையை மட்டும் என்னால் ஏற்க முடிந்ததில்லை. ஓடிக்கொண்டிருந்த சொல்லைப் பிறப்பின் கரைக்குள் அடைத்துவிட்ட வரையறை அது. இன்னொரு சுருக்கம் நம் காலத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து செய்துகொண்டிருப்பது. ‘ஒழுக்கம் கெட்டவர்’ என்றால் பாலியல் பற்றிய பழி என்றும், அதிலும் பெரும்பாலும் பெண்ணின் மேல் சுமத்தும் பழி என்றும் ஆக்கிவிட்டோம். கடன் வாங்கி ஏமாற்றுபவரையும், குடித்துவிட்டு வீட்டில் அடிப்பவரையும், எடையில் குறைப்பவரையும் இந்தச் சொல்லால் யாரும் சுட்டுவதில்லை. மாலை மங்கிய பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்ணைச் சுட்டுவதற்கு மட்டும் அது உடனே வாயில் வந்துவிடுகிறது.

உங்கள் குழுவின் மூத்தவர்கள் குறளை மதிப்பவர்களாக இருந்தால், நூலையே அவர்கள் முன் திறந்து வையுங்கள். ஒழுக்கமுடைமைக்கு அடுத்த அதிகாரம் ‘பிறனில் விழையாமை’. அதில் ‘பிறன்மனை நோக்காத பேராண்மை சான்றோர்க்கு அறனொன்றோ ஆன்ற ஒழுக்கு’ என்று வருகிறது. பாலியல் ஒழுங்கை ‘ஒழுக்கு’ என்ற சொல்லாலேயே வள்ளுவர் பேசும் இந்த இடம் ஆணை நோக்கிச் சொல்லப்பட்டது. பார்வையை அடக்க வேண்டியவன் ஆண் என்கிறது. பெண்ணைப் பற்றி அவர் பேசவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கற்பென்னும் திண்மையைப் பேசுகிறார், ‘ஒருமை மகளிரே போல’ என்று உவமையும் காட்டுகிறார். ஆனால் ஒழுக்கமுடைமையின் பத்துக் குறளையும் வரிக்கு வரி படித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் மேல் பழி சுமத்த உதவும் ஓர் அடிகூட அங்கே இல்லை. மாறாக, ‘ஒழுக்கம் உடையவர்க்கு ஒல்லாவே தீய வழுக்கியும் வாயாற் சொலல்’ என்ற குறள் இருக்கிறது. ஒழுக்கம் உடையவர்களால் வாய் தவறிக்கூடத் தீய சொற்களைச் சொல்ல முடியாது என்பது இதன் கருத்து. அந்தப் பெண்ணைப் பற்றிப் பஸ் நிறுத்தத்திலும் குழாயடியிலும் பேசுகிறவர்களை இந்தக் குறள் நேராகப் பார்த்துக் கேட்கிறது. இதைவிடக் கூர்மையான வாதத்தை என்னால் உங்களுக்கு எழுதித் தர இயலாது.

‘வழுக்கியும்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். இந்த அதிகாரத்தின் மூன்று குறள்களில் ஒழுக்கத்துக்கு எதிராக வள்ளுவர் நிறுத்துவது ‘இழுக்கம்’. இழுக்கம் என்றால் வழுக்குதல், சறுக்குதல். நேராகச் செல்வது ஒன்று, வழியில் சறுக்குவது மற்றொன்று என்ற காட்சி அவர் மனத்தில் தெளிவாக இருக்கிறது. கேள்வி அதிகாரத்தில் இதையே விரித்து, ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்கமுடையார்வாய்ச் சொல்’ என்கிறார். மழை பெய்த மறுநாள் காப்பிச் செடிகளுக்கு நடுவே அந்தச் செம்மண் சரிவில் இறங்கியிருப்பீர்கள். கையில் ஒரு கோல் இல்லாவிட்டால் கால் எங்கே போகும் என்று தெரியாது. ஒழுக்கமுடையவரின் சொல் அந்தக் கோலைப் போன்றது என்கிறது குறள். சறுக்கும் இடத்தில் ஊன்றிக்கொள்ள உதவுவதே அந்தக் கோலின் வேலை. அதை ஓங்கி அடிப்பதற்கு வள்ளுவர் யார் கையிலும் கொடுக்கவில்லை.

மக்கள் பேச்சில் இந்தச் சொல் இன்னும் கெட்டுப்போகவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ‘ஒழுக்கமா சாப்பிடு’, ‘ஒழுக்கமா வேலையப் பாரு’ என்று நம் பக்கத்தில் சொல்லும்போது அதில் பழி எதுவும் இல்லை; சிந்தாமல், சிதறாமல், எடுத்த காரியத்தை முறையாகத் தொடர்ந்து செய் என்ற பொருள்தான் இருக்கிறது. தொல்காப்பியர் சொன்ன நேர்பும் நெடுமையும் குழந்தைக்குச் சோறூட்டும் தாயின் வாயில் உயிரோடு இருக்கின்றன.

நன்னடத்தையைக் குறிக்கும் மற்றச் சொற்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். விதி எழுத அது உதவும். ‘ஆசாரம்’ வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேரான ‘சர்’ என்பதற்கும் செல்லுதல், நடத்தல் என்றே பொருள். பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை, நீராடுவது, உண்பது, உறங்குவது என்று அன்றாட முறைகளை நூறு பாடல்களில் தொகுக்கிறது. இன்றைய வழக்கில் அந்தச் சொல் மடி, தீட்டு என்ற பக்கம் ஒதுங்கிவிட்டது; குழு விதிக்கு அது ஆகாது. ‘மரியாதை’யும் வடமொழிச் சொல்தான், அங்கே அதன் முதற்பொருள் எல்லை, கரை. நம் ஊர்களில் கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று சண்டை வருவதைப் பார்க்கும்போது, எல்லை என்ற பழைய பொருள் முற்றிலும் மறையவில்லை என்று தோன்றும். ‘நடத்தை’ நம் சொல்; ‘நட’ என்பதிலிருந்து வந்தது. எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்கிறது. யார் எப்படிப்பட்டவர் என்று முத்திரை குத்துவதில்லை.

அந்த முத்திரையைப் பற்றி என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரிக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்தேன். மாற்றுச் சான்றிதழில் ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்று ஒரு கட்டம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வகுப்பு மாணவன் ஒருவன் அந்த ஆண்டு பல நாள் தாமதமாக வந்தான். ஒருமுறை என்னை எதிர்த்தும் பேசிவிட்டான். அந்தக் கோபத்தில், அந்தக் கட்டத்தில் ‘திருப்தி இல்லை’ என்று எழுதலாம் என நான் பரிந்துரைத்தேன். அவனுடைய தந்தை தறி நெய்கிறவர். சான்றிதழ் வாங்க வந்தவர், எழுதப்போகும் செய்தி தெரிந்ததும் வாதாடவில்லை. மேசை மேல் இருந்த படிவத்தை விரலால் தொட்டுக் காட்டி, ‘இந்தக் கட்டத்துல எழுதறது எத்தனை நாளைக்குங்க இருக்கும்?’ என்று மட்டும் கேட்டார். அது அவன் எங்கு போனாலும் கூடவே போகும் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. விடியற்காலையில் தந்தையுடன் பாவு வேலை பார்த்துவிட்டுத்தான் அவன் பள்ளிக்கு ஓடி வந்தான் என்பதை அன்றுதான் கேட்டறிந்தேன். ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்தோம். நான் எழுதவிருந்தது சில நாட்களின் செயல்; அந்தக் கட்டம் கேட்டதோ அவனுடைய நெடுங்காலப் போக்கை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாள்தோறும் குறள் நடத்திய நான் அறிந்திருக்க வேண்டும். அதன் பிறகு அந்தச் சொல்லை யார் பெயருக்கு எதிரேயும் எளிதில் எழுதியதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை இது. ‘ஒழுக்கம் இல்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது’ என்ற வரியை எழுத வேண்டாம். ஒழுக்கம் நெடுநாள் பார்த்து அறிய வேண்டிய ஒன்று. சேரும் வாசலிலேயே நிறுத்தி அளக்கக் கூடியது அன்று. அதோடு, அந்த வரியை ஒருமுறை நோட்டில் ஒட்டிவிட்டால் இன்று ஒருவருக்கும் நாளை வேறொருவருக்கும் எதிராக அதை நீட்ட முடியும். அதற்குப் பதிலாக ‘நடத்தை விதிகள்’ என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்களுக்கே ‘தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973’ என்றுதான் இருக்கிறது; தேர்தல் காலத்திலும் ‘நடத்தை விதிகள்’ என்ற சொல்லைத்தான் கேட்கிறோம். ஒருவர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் அதில் வெளிப்படையாக இருக்கட்டும்: வாரக் கூட்டத்துக்கு வருதல், சேமிப்பைக் குறித்த நாளில் கட்டுதல், தவணை தவறாமை, குழுவில் பேசிய கடன் விவரங்களை வெளியில் சொல்லாமை, எந்த உறுப்பினரைப் பற்றியும் அவருடைய சொந்த வாழ்க்கையை வைத்து இழிவாகப் பேசாமை. கடைசி விதியை மூத்தவர்கள் எதிர்க்கக்கூடும். அப்போது மேலே சொன்ன ‘வழுக்கியும் வாயாற் சொலல்’ குறளைச் சண்டைக்குரலில் அல்லாமல், படித்துக் காட்டும் குரலில் சொல்லுங்கள். குழுவின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கலாம். அந்த அச்சத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்களுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் குழு இயக்கம் 1989-இல் நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியில்தான் தொடங்கியது. நல்ல குழுவுக்கு அடையாளமாகப் பயிற்சிகளில் பஞ்ச சூத்திரம் என்று ஐந்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் ஊக்குநர் என்பதால் உங்களுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்குப் பதிவு. ஐந்திலும் திரும்பத் திரும்ப வரும் ‘முறையான’ என்ற சொல்லின் இடத்தில் தொல்காப்பியர் காலத்துத் தமிழர் இருந்திருந்தால் ‘ஒழுகல்’ என்ற கருத்தைத்தான் வைத்திருப்பார்கள். விட்டுவிடாமல், நேராக, நீண்ட நாள் செய்துகொண்டே இருத்தல். ஒரு தவணைகூடத் தவறாத, நாள்தோறும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வேலைக்குப் போய் அதே வளைவுகளில் ஏறித் திரும்பும் பெண்ணை, அந்தச் சொல்லின் மூலப்பொருளின்படி பார்த்தால், ஒழுக்கம் உடையவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

மகளிடம், அவள் கேள்வி சரியான கேள்வி என்று முதலில் சொல்லுங்கள். ஒழுகுகிற கூரையை அடைக்க வேண்டும், ஒழுகுகிற மனிதர் மட்டும் எப்படி நல்லவர் என்று அவள் அடுத்துக் கேட்கக்கூடும். நீர் எந்த வழியில் ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது அது. வாய்க்காலில் போனால் பயிருக்கு, அடுப்பின் மேல் விழுந்தால் சங்கடம் என்று சொன்னால் புரிந்துகொள்வாள். விதித்தாளை அவள் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதை நோட்டில் ஒட்டுவதற்கு முன், ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படியுங்கள். அந்தக் கூட்டத்தை, துணிக்கடையில் அந்தப் பெண்ணுக்கு வார விடுமுறை எந்த நாளோ அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.